மிச்சமான ரெண்டு மணி நேரம் யாருக்கு?

போன இதழில் இந்தப் பகுதியின் கடைசியில், "பாதி நாள் காலேஜ், பாதி நாள் செல்போன் என்று படிப்பு ஓடுகிற வீடுகளில் இருந்து எழுதுங்கள், மாணவர், வாத்தியார், பெற்றோர் யாராக இருந்தாலும் சரி" என்று ஒரு வரி போட்டிருந்தேன். வள்ளியூர், முக்கூடல், உவரி, கல்லிடைக்குறிச்சி என்று ஒரே மாதத்தில் ஒரு பை நிறையக் கடிதம். பேர் போட வேண்டாம் என்று பாதிப்பேர் கேட்டிருந்ததால் யாருக்குமே பேர் போடவில்லை, ஊர் மட்டும்தான். நான் பாளையங்கோட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் இயற்பியல் நடத்தியவன். கடைசி ஒன்றரை வருஷத்தைச் செல்போனைப் பார்த்துப் பேசியே முடித்து ஓய்வுக்கு வந்தவன். அதனால் சில பதில்களில் வாத்தியார் பக்கம் சாய்வேன். தெரிந்தேதான் சாய்கிறேன்.

கேள்வி (ஒரு மாணவி, முக்கூடல்): சார், நான் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருஷம். வாரத்தில் மூன்று நாள் பாளையங்கோட்டையில் காலேஜ், மற்ற நாள் ஆன்லைன். ஆன்லைன் நாளில் பஸ்ஸில் போய்வருகிற ரெண்டு மணி நேரம் உங்களுக்கு மிச்சம், அதில் படிக்கலாம் என்று முதல் நாளே சொன்னார்கள். ஆனால் வீட்டில் இருந்தால் அம்மா பீடி சுற்றுகிற சுளகை (முறத்தை) என் பக்கம் தள்ளிவிடுகிறாள். "காதுதானே கேக்குது, கை சும்மாதானே இருக்கு" என்கிறாள். காதில் ஹெட்செட், மடியில் சுளகு. ரியல் அனாலிசிஸ் ஒன்றுமே ஏறவில்லை. போன செமஸ்டர் இன்டர்னலில் 25-க்கு 21 எடுத்தேன், இந்த முறை 13. எல்லா நாளும் காலேஜுக்கே வருகிறேன் என்று கேட்கலாமா? அம்மாவிடம் எப்படிச் சொல்ல?

பதில்: "கை சும்மாதானே இருக்கு" என்கிற வரியை என் வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். நான் சிரித்தேன், என் மனைவி சிரிக்கவில்லை. அவளும் உங்கள் பக்கத்து ஊர்தான். பள்ளிக்கூடம் லீவு விட்டால் மத்தியானத்துக்குள் சுளகு மடிக்கு வந்துவிடும் என்றாள்.

உங்கள் அம்மா மேல் கோபப்பட இதில் ஒன்றுமில்லை யம்மா. இலையையும் தூளையும் நிறுத்துக் கொடுக்கிறார்கள், இவ்வளவுக்கு இத்தனை பீடி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், எண்ணிக்கை குறைந்தால் கூலியில் பிடிக்கிறார்கள். அந்தக் கணக்கை மனசில் ஓட்டிக்கொண்டே சுற்றுகிறவளுக்கு எதிரில் ஒரு ஜோடிக் கை சும்மா இருந்தால் கண்ணில் படத்தான் செய்யும். ஆனால் ஒன்று கேட்கிறேன். அண்ணனோ தம்பியோ இருந்து, அவனுக்கும் இதே மாதிரி ஆன்லைன் நாள் இருந்தால், அவன் பக்கம் யாராவது சுளகைத் தள்ளுவார்களா? பெண்பிள்ளைகள் எழுதிய கடிதம் ஒவ்வொன்றிலும் எங்கேயோ ஒரு வரியில் பாத்திரமோ பீடியோ தம்பியைப் பார்த்துக்கொள்வதோ வந்துவிட்டது. பையன்கள் எழுதியதில் நெட் ஸ்லோ, டேட்டா தீர்ந்துபோச்சு, இவ்வளவுதான் புகார்.

இப்படிப் பாதி நேரிலும் பாதி ஆன்லைனிலும் நடக்கிற ஹைப்ரிட் படிப்பு நல்லது என்று மேடையில் பேசுகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது அமெரிக்கக் கல்வித் துறை 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் போட்ட ஓர் அறிக்கையை. நேரிலும் ஆன்லைனிலும் கலந்து படித்தவர்கள், நேரில் மட்டும் படித்தவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள் என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் அதே அறிக்கை, கலந்து படித்தவர்களுக்குப் பல இடங்களில் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன, கணினி வழியாகப் படித்ததால்தான் இப்படி என்று முடிவுகட்டிவிட வேண்டாம் என்றும் சொல்கிறது. இந்த ரெண்டாவது பாதியை மேடையில் யாரும் வாசிப்பதில்லை. உங்களுக்கு நேரம் கூடவில்லை, குறைந்திருக்கிறது. பஸ்ஸில் மிச்சமான ரெண்டு மணி நேரத்தோடு வகுப்பு நேரமும் சேர்ந்து சுளகுக்குப் போய்விட்டது. 21 ஏன் 13 ஆனது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சரி, என்ன செய்ய? எல்லா நாளும் வருகிறேன் என்று கேட்காதீர்கள், "உன் ஒருத்திக்காக டைம் டேபிளை மாற்ற முடியுமா" என்று முடித்துவிடுவார்கள். ஆன்லைன் நாளிலும் வளாகத்துக்கு வந்து, நூலகத்திலோ கம்ப்யூட்டர் லேபிலோ உட்கார்ந்து வகுப்பைக் கேட்க அனுமதி வேண்டும் என்று துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அதற்கு யாரும் எதையும் மாற்ற வேண்டாம், ஒரு நாற்காலியும் வைஃபையும் போதும். உங்களோடு இன்னும் ரெண்டு மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது, கண்டிப்பாக இருப்பார்கள், கேட்டுப்பாருங்கள். அது நடக்கும்வரை ஊர் நூலகம் இருக்கிறது, இல்லையென்றால் கூடப் படிக்கிற பிள்ளை வீடு. வாசல்படி தாண்டிப் போனால்தான் நம் வீடுகளில் அது வேலைக்குப் போன கணக்கு. திண்ணையிலேயே இருந்துகொண்டு "வகுப்பில் இருக்கிறேன்" என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அம்மாவிடம் கெஞ்ச வேண்டாம், பேரம் பேசுங்கள். நேரலை வகுப்பு நடக்கும்போது கை நோட்டில் இருக்க வேண்டும், ஏனென்றால் ரியல் அனாலிசிஸில் வருகிற எப்சிலான் டெல்டா நிரூபணமெல்லாம் கேட்டுக் கற்கிற விஷயமே கிடையாது, எழுதி, அடித்து, திரும்ப எழுதித்தான் வரும். அதே வகுப்பின் பதிவைச் சாயங்காலம் ரெண்டாவது தடவை கேட்கிறீர்கள் பாருங்கள், அப்போது தாராளமாகச் சுற்றலாம், பழகின கை தன்பாட்டுக்கு ஓடும். "பத்தரையில் இருந்து ஒன்றரை வரை என் கை எனக்கு, சாயங்காலம் ஒரு கட்டு நான் சுற்றித் தருகிறேன்" என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி அடுப்படியில் ஒட்டிவிடுங்கள். அம்மா கணக்கில் கெட்டி என்று கடிதத்திலேயே தெரிகிறது. ஒரு செமஸ்டர் அரியர் விழுந்தால் பரீட்சைக் கட்டணம் எவ்வளவு, அதற்கு எத்தனை ஆயிரம் பீடி சுற்ற வேண்டும் என்பதையும் அதே தாளில் போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி (உதவிப் பேராசிரியர், வள்ளியூர்): எங்கள் கல்லூரியில் இதற்கு "நெகிழ்வு வகுப்பு" என்று பேர் வைத்திருக்கிறார்கள். அறையில் நாற்பது பேர், திரையில் இருபது பேர், யார் எங்கே இருப்பது என்று மாணவர்களே முடிவு செய்யலாம். நான் மட்டும் ஒருத்தி. போர்டில் எழுதினால் திரையில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை, லேப்டாப் பக்கம் குனிந்தால் கடைசி பெஞ்சில் பேச்சு ஆரம்பிக்கிறது. வகுப்பு முடிந்து பதிவை ஏற்ற வேண்டும், வராதவர்களுக்கு நோட்ஸ் அனுப்ப வேண்டும், ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் சந்தேகம். பணிச்சுமைப் பட்டியலில் இது எல்லாம் சேர்த்து வாரம் 16 மணி நேரம் என்றே இருக்கிறது. நான்தான் பழகிக்கொள்ளவில்லையா?

பதில்: இல்லை மேடம். கல்யாண வீட்டில் பந்தியும் பரிமாறு, அதே கையால் வாசலில் நிற்பவர்களுக்குப் பார்சலும் கட்டு என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். பந்தியில் சாம்பார் ஆறும், வாசலில் சத்தம் வரும், ரெண்டு பேரிடமும் நீங்கள்தான் திட்டு வாங்குவீர்கள்.

இந்த முறைக்கு ஒரு பூர்வீகம் உண்டு, அதைச் சொன்னால் உங்கள் கூட்டத்தில் பேச உதவும். சான்ஃபிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரையன் பீட்டி என்ற பேராசிரியர் 2006 வாக்கில் தொடங்கியது, ஹைஃப்ளெக்ஸ் என்று பேர். வேலை பார்த்துக்கொண்டே முதுகலை படிக்க வந்தவர்களுக்காக அமைத்த வகுப்பு அது, பதினெட்டு வயசுப் பிள்ளைகளை மனசில் வைத்துச் செய்ததில்லை. அவர் நான்கு விதி வைத்தார். எப்படி வருவது என்பது மாணவர் விருப்பம். எந்த வழியில் வந்தாலும் கற்றல் சமமதிப்பாக இருக்க வேண்டும். ஒரு வழியில் உருவான பாடப்பொருள் மற்ற வழியில் வருகிறவர்களுக்கும் பயன்பட வேண்டும். எந்த வழியையும் பயன்படுத்துகிற வசதி எல்லோருக்கும் இருக்க வேண்டும். உங்கள் கல்லூரி முதல் விதியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சம் மூன்றையும் உங்கள் தலையில் வைத்துவிட்டது. ரெண்டாவது விதியில் முக்கியமான விஷயம், சமமதிப்பு என்றால் ரெண்டு பேருக்கும் ஒரே செயல் நடக்க வேண்டும் என்று அர்த்தம் கிடையாது. அறையில் இருப்பவன் போர்டுக்கு வந்து கணக்குப் போடலாம், திரையில் இருப்பவன் அதே கணக்கைத் தாளில் போட்டுப் படம் பிடித்து அனுப்பலாம், அது போதும்.

என் கதையையும் சொல்கிறேன். 2020-இல் காஸ் விதியை நாற்பது நிமிஷம் உருக்கமாக நடத்தினேன், பிறகுதான் தெரிந்தது மைக்கை அணைத்து வைத்திருந்தேன் என்று. ஒரு பையன் மட்டும் "சார் மியூட்", "சார் மியூட்" என்று எழுதிக்கொண்டே இருந்திருக்கிறான், நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மற்றவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள், நிம்மதியாக இருந்திருக்கும் போல. அன்றைக்கு இருந்து வகுப்பில் ஒரு பிள்ளையைத் திரைக்காரர்களுக்குப் பொறுப்பாகப் போட்டேன். அங்கே கேள்வி வந்தால் அந்தப் பிள்ளை கையைத் தூக்கி என்னிடம் சொல்ல வேண்டும், வாரம் ஒருவர் முறை. இது நீங்களும் நாளைக்கே செய்யலாம், செலவில்லை. அப்புறம் கல்லூரியிடம் கேமரா கேட்காதீர்கள், சட்டையில் மாட்டுகிற மைக் கேளுங்கள். படம் மங்கலாக இருந்தாலும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கரகரத்தால் பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுவார்கள். போர்டை விட்டுவிட்டு வெள்ளைத்தாளில் எழுதி, மேலிருந்து செல்போனில் பிடித்து, அதையே அறையிலும் புரொஜெக்டரில் போட்டால் ரெண்டு பக்கமும் ஒரே எழுத்தைப் பார்க்கும்.

கொஞ்சம் பெரிய மாற்றமும் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்று ரெண்டு வேதியியல் ஆசிரியர்கள். விளையாட்டுப் போட்டி, மற்ற நிகழ்ச்சி என்று தூர ஊர்களுக்குப் போய் வகுப்பைத் தவறவிடுகிற பிள்ளைகளுக்காக 2007-இல் பாடத்தைப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் வகுப்புக்கு வருகிறவர்களுக்கும் அதையே வீட்டுவேலையாகக் கொடுத்துவிட்டு, வகுப்பு நேரம் முழுக்கக் கணக்குப் போடவும் சந்தேகம் கேட்கவும் வைத்துக்கொண்டார்கள். உங்கள் நிலைமைக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன். இருபது நிமிஷப் பதிவு ஒன்று, எல்லோருக்கும் பொது. வகுப்பில் முதல் அரை மணி அறைக்கு, கடைசி அரை மணி திரைக்கு, அந்த நேரம் அறையில் இருப்பவர்கள் கணக்குப் போடட்டும். ஒரே நேரத்தில் ரெண்டு பக்கமும் பரிமாறுகிற வேலையாவது நிற்கும்.

ஆனால் அந்த இருபது நிமிஷப் பதிவுக்கு ரெண்டு மணி நேரம் பிடிக்கும், செய்தவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தை உங்கள் 16-க்குள் சேர்க்கச் சொல்லித் துறைக் கூட்டத்தில் பேசி, பேசியதை மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வாயால் சரி என்றது அடுத்த செமஸ்டரில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நீங்கள் அந்தக் கல்லூரியை விட்டுப் போனால் உங்கள் பதிவு யாருக்குச் சொந்தம், அதை வைத்து உங்கள் இடத்தில் ஆளே போடாமல் ஓட்டுவார்களா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதைக் கேட்க ஒரு மாதிரி இருக்கும். கேளுங்கள். ராத்திரி பதினோரு மணி வாட்ஸ்அப்புக்கு வழி சுலபம், எட்டு மணிக்கு மேல் வருகிற சந்தேகத்துக்கு மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் பதில் என்று அறிவித்துவிடுங்கள். அதில் பாதி சந்தேகம் விடிவதற்குள் தானே தீர்ந்துபோகும், என் அனுபவத்தில் முக்கால்வாசி.

கேள்வி (மீனவர், உவரி): மகன் கோயம்புத்தூரில் பி.காம். வாரம் ரெண்டு நாள் ஆன்லைன் என்கிறான். நாளைக்கு சர்டிபிகேட்டில் ஆன்லைன் டிகிரி என்று வந்து வேலை கிடைக்காமல் போகுமா? ஹாஸ்டல் காசு மட்டும் முழுசாக வாங்குகிறார்கள்.

பதில்: அண்ணாச்சி, முதல் பயம் வேண்டாம். ரெகுலராகச் சேர்ந்த படிப்பில் ரெண்டு நாள் ஆன்லைனில் நடப்பதால் அது ஆன்லைன் டிகிரி ஆகிவிடாது. ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரையான பாடங்களை ஸ்வயம் என்கிற மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளத்தில் படித்தே மதிப்பெண் எடுத்துக்கொள்ளலாம் என்று யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2021 விதியே இருக்கிறது. முழுக்க ஆன்லைனில் படித்தாலும்கூட, யுஜிசி அனுமதி பெற்ற இடமாக இருந்தால் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று 2022-இல் அறிவித்துவிட்டார்கள். அனுமதி இருக்கிறதா என்பதை மட்டும் யுஜிசி தளத்தில் பையனையே பார்க்கச் சொல்லுங்கள், கல்லூரியில் ஒட்டியிருக்கிற போஸ்டரை நம்ப வேண்டாம்.

ஹாஸ்டல் காசு வேறு விஷயம். ஆன்லைன் நாளில் பையன் ஹாஸ்டலில்தான் இருக்கிறானா, அறையில் படுத்துக்கொண்டே வகுப்பா? அப்படியென்றால் இடமும் சாப்பாடும் அவனுக்குப் போகிறது, குறைக்க மாட்டார்கள். வகுப்புக் கட்டணம் ஏன் முழுசு, லேப் கட்டணம் எதற்கு என்று கேளுங்கள், எழுதிக் கேளுங்கள். நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டால் பதிலாவது வரும்.

கேள்வி (பொறியியல் மாணவர், பேட்டை): கட்டாயம் ஒரு என்பிடெல் கோர்ஸ் (ஐஐடி வாத்தியார்கள் நடத்துகிற ஆன்லைன் பாடம்) முடிக்க வேண்டும் என்கிறார்கள். அசைன்மென்ட் விடையெல்லாம் குரூப்பில் வந்துவிடுகிறது, எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு. ஆனாலும் ஃபெயில். எப்படி?

பதில்: அப்படித்தான் தம்பி. அசைன்மென்டுக்கு 25, பரீட்சைக்கு 75. பன்னிரண்டு வாரக் கோர்ஸ் என்றால் நல்ல எட்டு அசைன்மென்டை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறார்கள், அதில் முழுசாக 25 எடுத்தாலும் பரீட்சையில் 75-க்கு 30-ஆவது எடுக்கவில்லை என்றால் சான்றிதழ் இல்லை. அந்தப் பரீட்சை மையத்துக்கு நேரில் போய், ஆள் கண்காணிக்க எழுத வேண்டியது, குரூப் அங்கே உள்ளே வராது. பாடம் கேட்பது இலவசம், பரீட்சைக்கு ஆயிரம் ரூபாய், அது போச்சு. அடுத்த தடவை வாரா வாரம் அசைன்மென்டை நீங்களே போட்டுத் தப்புப் பண்ணுங்கள், நாலு வாரம் கெட்டுப்போனாலும் கணக்கில் வராது, அதற்குத்தான் பன்னிரண்டில் எட்டு.

கேள்வி (மாணவி, மேலப்பாளையம்): கேமராவை ஆன் செய்யாவிட்டால் ஆப்சென்ட் போடுகிறார்கள். இது சரியா?

பதில்: சரியில்லை. பின்னால் வாப்பா லுங்கியோடு போவார், உம்மா மாவு ஆட்டுவார், ஒரே அறை வீட்டில் ஐம்பது பேர் கண்ணை உள்ளே விடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வருகை தெரிய வேண்டுமென்றால் நடுவில் ரெண்டு கேள்வி கேட்டுப் பதிலை எழுதி அனுப்பச் சொல்லலாம், தூங்கினவர் யார் என்று அதிலேயே தெரிந்துவிடும். இந்தப் பக்கத்தை அப்படியே படம் எடுத்து உங்கள் வகுப்பாசிரியருக்கு அனுப்புங்கள், என் மேல் கோபப்பட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, விக்கிரமசிங்கபுரம்): எங்கள் பள்ளிக்குக் காரையாறு பக்கம் காணிப் பழங்குடிக் குடியிருப்புகளில் இருந்து சில பிள்ளைகள் வருகிறார்கள். மலை இறங்கி வந்தால்தான் அவர்களுக்குப் படிப்பு, மேலே சிக்னல் கிடையாது. மழை, யானை, பஸ் வரவில்லை என்று வாரத்தில் ஒரு நாளாவது தவறிவிடுகிறது. மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது இவர்களுக்குப் போவதில்லை. இவர்களுக்கு ஹைப்ரிட் என்று ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, இன்டர்நெட் இல்லாமல். ஹைப்ரிட் என்றாலே நெட் என்று நாம் பழகிவிட்டோம். 2020-இல் பள்ளிகள் மூடியபோது நம் பிள்ளைகளில் நிறையப் பேருக்குப் பாடம் போய்ச் சேர்ந்தது கல்வித் தொலைக்காட்சி வழியாக, அது அதற்கு முந்தின வருஷம் ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்ததால் கைகொடுத்தது. அடுத்த வருஷம் இல்லம் தேடிக் கல்வி வந்தது, சாயங்காலம் தெருவில் ஒரு தன்னார்வலர், இருபது பிள்ளைகள், ஒரு போர்டு. கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தினம் 2 ஜிபி என்று 2021 ஜனவரியில் இருந்து நான்கு மாதத்துக்கு டேட்டா கார்டு அறிவித்தார்கள், நல்ல காரியம்தான், ஆனால் சின்ன மயிலாறு மாதிரிக் காணிக் குடியிருப்பில் அந்தக் கார்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

உங்களுக்கு நான் சொல்வது மெமரி கார்டு. வீடியோ வேண்டாம், உங்கள் குரல் போதும். சாதாரணமாகப் பேச்சுக்குப் போதுமான தரத்தில், 32 கேபிபிஎஸ்ஸில் பதிந்தால் ஒரு மணி நேரப் பேச்சு 15 எம்பிக்குள் அடங்கும், ஒரு வருஷப் பாடம் முழுக்க ஒரு சின்னக் கார்டில் மிச்சம் இடத்தோடு கிடக்கும். சாதா பட்டன் போனிலும் பாடும். "புத்தகத்தில் 42-ஆம் பக்கத்தை எடு, மேலே உள்ள படத்தைப் பார், இப்போது போனை நிறுத்திவிட்டு மூன்றாவது கணக்கைப் போடு" என்கிற மாதிரி, எதிரில் உட்கார்ந்து சொல்வது போலப் பேசுங்கள். வெள்ளிக்கிழமை பிள்ளை இறங்கி வரும்போது கார்டை வாங்கி அடுத்த வாரத்தை ஏற்றிக் கொடுங்கள், பஸ் வராத நாளுக்கு அது. கூடவே ஒரு பக்கத் தாள், அதில் ஐந்து கேள்வி, மறுபடி வரும்போது எழுதிக்கொண்டு வர வேண்டும். பிள்ளை வந்த நாளில் தவறிய பாடத்தை நீங்கள் திரும்ப நடத்த உட்காராதீர்கள், அந்த ஐந்தில் எங்கே தடுக்கினான் என்று மட்டும் பாருங்கள். இன்னொன்று, அந்த வீட்டுப் பெரியவர்களில் ஒருவரை ஒரு பாடத்துக்குப் பேச வைத்துப் பதியுங்களேன், மரம், செடி, தேன் எடுப்பது எது வேண்டுமானாலும். கீழே இருக்கிற உங்கள் மற்ற பிள்ளைகளுக்கும் அது பாடம்தான், கார்டு கீழ்நோக்கியும் வரட்டும்.

கேள்வி (மாணவர், வண்ணார்பேட்டை): மழைக்குக் கலெக்டர் விடுமுறை அறிவித்த அரை மணி நேரத்தில் "நாளை வகுப்புகள் ஆன்லைனில்" என்று மெசேஜ் வந்துவிடுகிறது. இனிமேல் நமக்கு மழை லீவே இல்லையா சார்?

பதில்: இந்தக் கேள்வியில் இருக்கிற சோகம் எனக்குப் புரிகிறது. நீங்கள் திருநெல்வேலி வண்ணார்பேட்டை என்பதால் 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், தாமிரபரணி ஜங்ஷன் வரைக்கும் ஏறி வந்துவிட்டது, கலெக்டர் ஆபீஸுக்குள்ளேயே தண்ணீர். அன்றைக்குக் கரண்டும் இல்லை, டவரும் இல்லை, செல்போன் சார்ஜைக் கஞ்சன் காசு மாதிரி எண்ணிக்கொண்டு இருந்தோம், என் மகன் சென்னையில் இருந்து ரெண்டு நாள் கூப்பிட்டும் கிடைக்கவில்லை. ஹைப்ரிட் எதற்கென்றால் வர முடியாத நாளுக்கு என்பார்கள், நிஜமாகவே வர முடியாத நாளில் முதலில் படுத்துக்கொள்வது அதுதான். ஆகையால் நல்ல மழைக்கு ஆன்லைன் வகுப்பு நடக்காது, தூறலுக்குத்தான் நடக்கும். பஸ் ஓடாத, கரண்ட் இல்லாத ஊரில் இருந்து வருகிற பிள்ளைக்கு அன்றைக்கு ஆப்சென்ட் போடக் கூடாது, புதுப் பாடம் நடத்தக் கூடாது என்று ரெண்டை மட்டும் உங்கள் கல்லூரியில் கேட்டு வாங்குங்கள். லீவைத் திரும்ப வாங்கித் தர என்னால் ஆகாது. நாங்கள் படித்த காலத்தில் மழை லீவுக்கு ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்போம், அதைச் சொன்னால் உங்களுக்கு இன்னும் வயிற்றெரிச்சலாகும், விட்டுவிடுகிறேன்.

கேள்வி (ஒரு பாட்டி, கல்லிடைக்குறிச்சி, இன்லேண்ட் லெட்டரில்): பேத்தி ஆன்லைன் கிளாஸ் என்று உட்காருகிறாள். "எஸ் மேம்" என்று ஒரு தடவை சொல்கிறாள், பிறகு சாய்ந்து தூங்கிவிடுகிறாள். அவள் அம்மா ஆபீஸ் போய்விடுவதால் எனக்கு மட்டும்தான் தெரியும். மகளிடம் சொல்லட்டுமா?

பதில்: இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் ஆச்சி. உங்களிடம் மறைக்காமல் தூங்குகிறாள் பாருங்கள், அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிட்டால் அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள். ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறாள் என்று மட்டும் ரெண்டு நாள் கவனியுங்கள். அசைன்மென்ட், பதிவு பார்ப்பது, குரூப் மெசேஜ் என்று பகலில் மிச்சம் பிடித்ததாகச் சொல்கிற நேரமெல்லாம் ராத்திரியில் வந்து விழுகிறது. காலையில் தூங்குகிற பிள்ளைகளில் பல பேர் சோம்பேறிகள் இல்லை. செல்போனில் விளையாடித்தான் விழித்திருக்கிறாள் என்று தெரிந்தால், அப்போதும் முதலில் அவளிடமே பேசுங்கள்.

வகுப்பு முடிந்ததும் "இன்னைக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிகிறதா இல்லையா என்பது முக்கியமில்லை, ஆச்சிக்குச் சொல்ல வேண்டுமே என்று கொஞ்ச நேரமாவது விழித்திருப்பாள். படித்ததைப் புத்தகம் பார்க்காமல் திரும்பச் சொல்லிப் பார்த்தால், அதையே மறுபடி மறுபடி வாசிப்பதைவிட நாள் கழித்தும் மனசில் நிற்கும் என்று 2006-இல் ரோடிகர், கார்பிக் என்கிற ரெண்டு உளவியலாளர்கள் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். நீங்கள் அந்தச் சோதனைக்கூடமாக இருந்துகொள்ளுங்கள்.

மாடியில் அப்பளம் காய வைக்கிற இடத்தில்தான் சிக்னல் நன்றாக வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே பழைய தென்னங்கீற்றில் ஒரு ஓரமாக நிழல் கட்டி, நாற்காலி போட்டு அவளை உட்கார வையுங்கள், காக்கா விரட்டுகிற பொறுப்பும் அவளுக்கே. அப்படியும் தூங்கினால் எனக்கு இன்னொரு இன்லேண்ட் போடுங்கள்.